பக்கம் மாறினால் குறி மாறுமாம்!

"பக்கம் மாறினால் குறி மாறும்!" — பள்ளியில் இயற்கணிதம் பயின்ற எவரும் இந்த மந்திரத்தை மறந்திருக்க மாட்டார்கள். கூட்டல் அந்தப் பக்கம் போனால் கழித்தலாகிவிடும்; கழித்தல் இந்தப் பக்கம் வந்தால் கூட்டலாகிவிடும். ஏன் போகிறது? எதற்காக மாறுகிறது? மாற்றுபவர் யார்? கேட்டவர் உண்டா? கேட்டவர்க்கு விடை கூறியவர்தாம் உண்டா? "சொன்னதைச் செய், விடை வரும்" என்றார்கள். செய்தோம். விடை வந்தது, விளக்கம் வரவில்லை.

மந்திரம் என்று நான் சொல்வது ஏளனத்திற்காக அன்று. பொருள் தெரியாமலே உச்சரிக்கப்படுவது எதுவோ, உச்சரித்தால் பலன் கிட்டும் என்று நம்பப்படுவது எதுவோ, ஒரு சொல் பிசகினாலும் பலன் கெட்டுவிடும் என்று அஞ்சப்படுவது எதுவோ, அதற்கு மந்திரம் என்பதைவிடப் பொருத்தமான பெயர் தமிழில் இல்லை. அறிவுக்கு உரைகல் என்று நாம் போற்றுகிற கணக்கிலேயே இந்த மந்திரம் குடிபுகுந்திருக்கிறதே என்பதுதான் என் வியப்பு.

நான் கணிதம் படித்தவள் அல்லேன். கலைக்கல்லூரியில் தமிழிலக்கியம் பயின்று பட்டம் பெற்றவள். ஒரு சிற்றூர் நடுநிலைப் பள்ளியில் தமிழ் கற்பிப்பவள். எங்கள் கணித ஆசிரியை பேறுகால விடுப்பில் சென்றபோது, ஏழாம் வகுப்புக் கணக்கைத் தலைமையாசிரியர் என்னிடம் ஒப்படைத்தார். நான் தயங்கி நின்றேன். "கணக்கும் தமிழில்தானே அம்மா இருக்கிறது! எடுத்துக்கொண்டு போ" என்றார். வேடிக்கையாகச் சொன்னார், ஆனால் மெய்யைச் சொன்னார்.

பாடநூலைத் திறந்தேன். "கோவை" என்றிருந்தது! ஆசாரக்கோவை தெரியும், திருக்கோவையார் தெரியும்; இயற்கணிதக் கோவை என்றால்? எண்களையும் எழுத்துகளையும் கூட்டல், கழித்தல் குறிகளால் கோத்த மாலை. ஆம், கோத்திருப்பதால் கோவை. பக்கத்திலேயே "தொகை" என்றிருந்தது. எட்டுத்தொகை பயின்றவளுக்குத் தொகை அந்நியமா? தொகுத்தது தொகை, கூட்டித் தொகுத்தது கூட்டுத்தொகை. முன்னாளில் அட்சரகணிதம் என்றும் பீஜகணிதம் என்றும் பெயர் சூட்டி அச்சுறுத்திய துறை, நல்ல தமிழ்ப் பெயரோடு நம் பிள்ளைகளின் கையில் தவழ்கிறது. பெயர் தமிழாகிவிட்டது, பிள்ளைகளின் அச்சம்தான் இன்னும் பழைய அச்சமாகவே இருக்கிறது. ("கோவை என்றால் கோயம்புத்தூர்தானே டீச்சர்?" என்று கேட்டவனைக் கண்டு வகுப்பே சிரித்தது. அவன் கேள்வியில் தவறில்லை. அச்சொல்லை முதன்முறையாக அவன் கண்டது பேருந்தின் நெற்றியில்.)

எழுத்தைக் கண்டு ஏன் அஞ்சுகிறார்கள்? எண்ணுக்கு நடுவே எழுத்து வந்து உட்கார்ந்துகொண்டு, தான் யார் என்பதைச் சொல்ல மறுக்கிறது, அதனால் அஞ்சுகிறார்கள். நான் இலக்கணத்தை எடுத்தேன். "நேற்று வந்தான்" என்கிறோம். வந்தவன் யார்? சொல்லப்படவில்லை. ஆனால் ஒருவன் வந்தான், அவன் ஆண், நேற்று வந்தான் என்ற அத்தனையும் தெரிகிறது. இதைத் தோன்றா எழுவாய் என்கிறது நம் இலக்கணம். தோன்றாதது இல்லாதது ஆகாது. சுற்றியுள்ள சொற்களைக் கொண்டு அதைக் கண்டுபிடிக்கலாம். கணக்கில் வரும் எழுத்தும் அத்தகையதே. அதற்கு எக்ஸ் என்று பெயர் வைப்பதும் நம் விருப்பந்தான். நான் தமிழ் எழுத்துகளையே வைத்தேன். மூட்டைக்கு ம, நாளுக்கு ந, தங்கையின் வயதுக்கு த.

முதல் வாரத்தில் வகுப்பில் பாதிப்பேர் 3ம + 4 என்பதை 7ம என்று எழுதினார்கள். மூன்றும் நாலும் ஏழு, ம இருக்கிறது, ஆகவே 7ம! "மூன்று மூட்டை நெல் இருக்கிறது, தனியே நாலு படி நெல் இருக்கிறது. சேர்த்துக் கொட்டினால் ஏழு மூட்டை நெல் ஆகுமா?" என்று கேட்டேன். "ஆனால் நல்லதுதானே டீச்சர்!" என்றான் ஒருவன். நல்லதுதான்! ஆனால் ஆகாதே! ஒரு மூட்டைக்கு எத்தனை படி என்று தெரியும்வரை 3ம + 4 என்று எழுதிவிட்டுக் காத்திருக்கத்தான் வேண்டும். விடை வந்தே தீர வேண்டும் என்ற அவசரம்தான் இந்தப் பிழையின் தாய். கோவை என்பது கேள்வியும் அன்று, விடையும் அன்று. நமக்குத் தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று ஒளிக்காமல் எழுதிய ஒரு வாக்குமூலம். தெரியாததைத் தெரியாது என்று எழுதிவைக்கலாம் என்பதைப் பிள்ளைகள் நம்புவதற்கே ஒரு வாரம் பிடித்தது. பள்ளியில் வேறு எந்தப் பாடம் அவர்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது?

அடுத்து, சொல்லைக் கோவையாக்குவது. அண்ணன் வயது தங்கை வயதைவிட 4 அதிகம். இருவர் வயதின் கூட்டுத்தொகை 26. தங்கையின் வயது என்ன? கூட்டத் தெரிந்த பிள்ளைகள், கழிக்கத் தெரிந்த பிள்ளைகள், இங்கே தடுக்கி விழுந்தார்கள். காரணம் கணக்கு அன்று, வாக்கியம்! "விட" என்ற சொல் யாரைச் சேர்கிறது என்பதைப் பிடிக்காமல், 4ஐத் தங்கைக்குக் கொடுத்துவிட்டார்கள் பலர். "ஓர் எண்ணுடன் 5" என்றால் கூட்டல். "ஓர் எண்ணிலிருந்து 5" என்றால் கழித்தல். அதுவும் எதிலிருந்து எது நீங்குகிறது? "5இலிருந்து ம" வேறு, "மவிலிருந்து 5" வேறு. உடனிகழ்ச்சி மூன்றாம் வேற்றுமை. நீங்கல் ஐந்தாம் வேற்றுமை. வேற்றுமை உருபுக்குள் கூட்டலும் கழித்தலும் ஒளிந்திருப்பதை, மூன்றாண்டு இலக்கணம் படித்தபோது எனக்கு யாரும் சொன்னதில்லை! செய்யுளில் சிதறிக் கிடக்கும் சொற்களைப் பொருள் நோக்கி எடுத்துச் சேர்ப்பதைக் கொண்டுகூட்டு என்கிறோமே, கணக்கை வாசித்துக் கோவை அமைப்பதும் அதே வேலைதான். பிள்ளைகள் கொண்டுகூட்டினார்கள். தங்கை த, அண்ணன் த + 4, இருவரும் சேர்ந்து 2த + 4. அது 26க்குச் சமம்.

2த + 4 = 26. இங்கேதான் மந்திரம் வந்து வாசலில் நிற்கிறது. "4 அந்தப் பக்கம் போனால் −4" என்று டியூஷனுக்குப் போகும் பிள்ளைகள் கூவினார்கள். 2த = 22. சரி. அடுத்து? "2 அந்தப் பக்கம் போனால் −2" என்று அதே உற்சாகத்தோடு ஒரு சிறுவன் 22இல் 2ஐக் கழித்து, தங்கைக்கு வயது 20 என்றான்! தங்கைக்கு 20, அண்ணனுக்கு 24. இருவருக்கும் சேர்த்து 44. கணக்கோ 26 என்கிறது. மந்திரம் அவனைக் கைவிட்டுவிட்டது. பாவம், அவன் சொல் பிசகாமல்தான் உச்சரித்தான்.

தராசைக் காட்டினேன். மளிகைக் கடையில் இன்று மின்தராசு. ஆனால் சந்தையில் தட்டுத் தராசைப் பார்க்காத பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. இடத்தட்டில் 2த + 4; வலத்தட்டில் 26; முள் நடுவில் நிற்கிறது. இடத்தட்டிலிருந்து 4ஐ எடுத்தால் தராசு சாயும். சாயாதிருக்க என்ன செய்வது? "அந்தத் தட்டிலும் 4 எடுக்க வேண்டும்" என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் மந்திரம் தேவைப்படவில்லை. நாலு எங்கும் போகவில்லை. எந்தக் குறியும் மாறவில்லை. இரு தட்டிலிருந்தும் சமமாக நீங்கிற்று, அவ்வளவுதான். எஞ்சியது 2த = 22. இரண்டு தங்கைகளின் எடை 22 என்றால் ஒரு தங்கை? இரு தட்டிலும் பாதி எடு. த = 11. அண்ணன் 15. கூட்டிப் பார், 26. ஆசிரியை சொன்னதால் சரியன்று. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருப்பதால் சரியன்று. போட்டுப் பார்த்தால் பொருந்துகிறது, அதனால் சரி. "நான் சொல்வது தவறாக இருந்தாலும் இப்படியே கண்டுபிடித்துவிடலாம்" என்றேன். வகுப்பில் ஒரு பரபரப்பு! மறுநாளிலிருந்து கரும்பலகையில் நான் எழுதும் ஒவ்வொரு விடையும் முப்பது நோட்டுகளில் விசாரணைக்கு உள்ளாயிற்று.

"இதையெல்லாம் யார் டீச்சர் கண்டுபிடித்தது?" என்றாள் ஒருத்தி. ஒருவரன்று. எகிப்தில், கி.மு. 1550ஐ ஒட்டி, ஆமோஸ் என்ற எழுத்தர் பாப்பிரசுச் சுருள் ஒன்றில் அதைவிடப் பழைய ஏட்டைப் பார்த்துப் படியெடுத்த கணக்குகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று: ஒரு குவியலும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்தால் 19, குவியல் எவ்வளவு? ஆமோசிடம் எழுத்தும் இல்லை, சமக்குறியும் இல்லை. குவியல் 7 என்று வைத்துப் பார்க்கிறார். 7உம் 1உம் 8. நமக்கு வேண்டியதோ 19. 8ஐ எத்தனை மடங்காக்கினால் 19? இரண்டே முக்காலே... என்று வாய்க்கு வந்ததைச் சொன்ன பிள்ளைகளை வகுத்துப் பார்க்கச் சொன்னேன். 2⅜ மடங்கு. 7ஐயும் அத்தனை மடங்காக்கினால் 16⅝. அவரும் நிறுத்தவில்லை, ஏழில் ஒரு பங்காகிய 2⅜ஐ அதனுடன் கூட்டி, 19 வருகிறது என்று சரிபார்த்தே முடிக்கிறார். மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பும் விடையை நம்பவில்லை, சோதித்தார்கள்!

பாக்தாதில் அல்-குவாரிஸ்மி கி.பி. 820ஐ ஒட்டி எழுதிய நூலின் பெயரிலேயே இரண்டு செயல்கள் இருக்கின்றன. ஒன்று அல்-ஜப்ர், குறைந்ததை இருபுறமும் கூட்டி நிறைவாக்குதல். மற்றொன்று அல்-முகாபலா, இருபுறமும் ஒத்ததை நீக்கிச் சமன் செய்தல். முன்னதே ஐரோப்பியர் நாவில் அல்ஜிப்ரா ஆயிற்று. முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுதலுக்கும் அரபியில் அதே சொல். பக்கம் மாற்றும் வித்தையன்று, இருபுறமும் ஒரே செயல் என்பது பிறப்பிலேயே எழுதப்பட்டிருக்க, நாம்தாம் அதை மறந்து மந்திரமாக்கினோம். தெரியாததை அவர் "பொருள்" என்றே வழங்கினார். குறியீடு ஏதுமின்றி அனைத்தையும் சொல்லிலேயே எழுதினார். நூலின் ஒரு பெரும் பகுதி சொத்துப் பங்கீட்டுக் கணக்குகள்! யாருக்கு எவ்வளவு சேர வேண்டும் என்ற சண்டையைத் தீர்ப்பதற்கே இக்கலை பயன்பட்டது.

சமக்குறியாகிய இரு கோடுகளை 1557இல் அச்சில் ஏற்றியவர் ராபர்ட் ரெக்கார்ட். இரு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறு இரண்டு இருக்க முடியாது என்று காரணமும் சொன்னார். அடுத்த ஆண்டே, ஒரு பெருங்குடிப் பிரபு தொடுத்த அவதூறு வழக்கில் விதிக்கப்பட்ட தொகையைக் கட்ட இயலாமல், சிறையிலேயே அவர் மாண்டார். உலகுக்குச் சமக்குறி தந்தவருடைய வாழ்வில் இரு தட்டும் சமமாகவில்லை.

இனி, எங்கள் ஊருக்கு வருகிறேன். தண்டல் என்றால் என்னவென்று இதைப் படிப்போரில் பலருக்குத் தெரியும். பத்தாயிரம் என்று பேசுவார்கள். 1,500ஐ முன்னமே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். நாளொன்றுக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கைக்கு வந்த தொகை க என்றால் க + 1500 = 10000. இருபுறமும் 1500 நீங்கினால் க = 8500. வாங்கியது 8,500, திருப்புவது 10,000. அந்த 8,500உம் நூறு நாளும் கையில் நிற்பதில்லை. மறுநாளே 100 திரும்பத் தொடங்கிவிடுகிறது. சராசரியாகப் பாதித் தொகையே கையிலிருக்கிறது என்று கொண்டால், நூறு நாளில் நூற்றுக்கு 35க்கு மேல் வட்டி! தமிழ்நாட்டில் 2003இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டலைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. தண்டல்காரர் மாலைதோறும் வண்டியில் வருகிறார்.

என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய் சாலையோரத்தில் இட்லிக் கடை வைத்திருப்பவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். பணம் கொடுத்த ஒவ்வொரு நாளும் அடுப்படிச் சுவரில் கரியால் ஒரு கோடு இழுப்பார். தண்டல்காரரோ அட்டையில் எழுதுவார். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் அந்தப் பெண் நோட்டை நீட்டினாள். "அட்டையில் பாக்கி 3,400 என்று இருக்கிறது டீச்சர். கட்டிய நாள் ந என்று வைத்தேன்." கீழே எழுதியிருந்தாள்: 100ந + 3400 = 10000. இருபுறமும் 3400ஐ நீக்கி, 100ந = 6600; ந = 66. "சுவரில் 71 கோடு இருக்கிறது" என்றாள். 71ஐயும் போட்டுப் பார்த்திருந்தாள். 7100உம் 3400உம் 10500. பொருந்தவில்லை.

எவ்வளவு அமைதியான சான்று அது! சமன்பாடு யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. சுவரும் அட்டையும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியாது என்று மட்டும் சொல்லிற்று. எது பொய் என்பதை மனிதர்தாம் பேசித் தீர்க்க வேண்டும். தாய் முதலில் மகளைத்தான் கடிந்துகொண்டார். எழுதியவர் தவறாக எழுதுவாரா, எழுதத் தெரியாத நான் இழுத்த கோடு பெரிதா என்றார். படிக்காதவர் தம் கையால் இழுத்த கோட்டைவிடப் பிறர் எழுதிய அட்டையை நம்பும் கொடுமையை என்னென்பது! மகள் விடவில்லை. இரண்டு மாலை வாக்குவாதம் நடந்ததாம். மூன்றாம் மாலை ஐந்து நாளும் ஏற்கப்பட்டு, அட்டையில் பாக்கி 2,900 ஆயிற்று. ஐந்நூறு ரூபாய்! இட்லிக் கடைக்கு அது எத்தனை நாள் உழைப்பு என்பதை அந்தத் தாயிடம்தான் கேட்க வேண்டும்.

"கூலிக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் போதாதா, எழுத்துக் கணக்கு எதற்கு?" என்று எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் கேட்டதுண்டு. அப்போது எனக்கு நினைவு வந்தவர் ராபர்ட் மோசஸ். 1960களில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக அடியும் சிறையும் ஏற்று உழைத்தவர். வாக்காளராகப் பதிய வந்த கறுப்பரிடம் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைக் கொடுத்து, இதற்குப் பொருள் எழுது என்பார்கள் அங்கே. எழுதியது சரியா, தவறா? பதிவு செய்யும் வெள்ளை அலுவலர் சொன்னதே தீர்ப்பு! போட்டுப் பார்த்துச் சரிபார்க்க அதில் வழியில்லை. அந்த மோசஸ், பின்னாளில் தம் மகள் படித்த பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு இயற்கணிதம் இல்லை என்பதைக் கண்டு தாமே கற்பிக்கத் தொடங்கினார். 1982இல் அதை ஓர் இயக்கமாகவே ஆக்கினார். பிள்ளைகளைப் பாஸ்டன் நகரத்து ரயிலில் ஏற்றி, ஏறிய நிலையத்திலிருந்து எத்தனை நிலையம், எந்தத் திசை என்று கேட்டு, கூட்டலையும் குறைவெண்ணையும் அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து, பிறகுதான் குறியீட்டுக்குப் போனார். வாக்குச்சீட்டு இல்லாதவன் அன்று குடிமகனாக மாட்டாதது போல, இயற்கணிதம் அறியாதவன் இன்று முழுக் குடிமகனாக மாட்டான் என்பது அவர் கட்சி. 2021இல் மறையும்வரை அந்தக் கட்சியை அவர் விடவில்லை. சுவரில் இழுத்த 71 கோடுகளை நேரில் பார்த்த எனக்கு, அதை மறுக்க மனம் வரவில்லை.

கணித ஆசிரியை விடுப்பு முடிந்து திரும்பிவிட்டார். பிள்ளைகள் தங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த கணக்குகளை ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தேன். அதை அவரிடம் ஒப்படைத்தேன். பால் கூட்டுறவுச் சங்கக் கணக்கு, திருவிழாச் சீட்டுக் கணக்கு, பேருந்துக் கட்டணக் கணக்கு எல்லாம் அதில் உண்டு. கடைசிப் பக்கத்தில் ஒரு சிறுவன் எழுதியது இது: அப்பாவும் அம்மாவும் கடலை பிடுங்கப் போகிறார்கள். இருவர் கூலியின் கூட்டுத்தொகை 900. அப்பா கூலி அம்மா கூலியைவிட 300 அதிகம். வேலை ஒன்றே. அம்மா கூலி என்ன?

வகுப்பே சேர்ந்து எழுதியது. 2அ + 300 = 900; 2அ = 600; அ = 300. அம்மாவுக்கு 300, அப்பாவுக்கு 600. கூட்டிப் பார்த்தார்கள், பொருந்தியது. அந்தச் சிறுவன் மட்டும் உட்காரவில்லை. "வேலை ஒன்றே என்பதைக் கோவையில் எங்கே எழுதுவது டீச்சர்?" என்றான். சம வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி என்று இந்தியாவில் 1976இலேயே சட்டம் இயற்றப்பட்டதைச் சொன்னேன். அதற்கு எத்தனை ஆண்டு ஆயிற்று என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள். 1976 + ஆ = என்று கரும்பலகையில் எழுதினேன். வலப்பக்கத்தை அவர்களே நிரப்பினார்கள்.